நுங்குக் கட்டையும் என் சாட்சியும்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் எருசலேம் போய்வந்து நம் சபைப் பத்திரிகையில் நாலு மாதம் எழுதினேன். சிங்கப்பூர் போனபோது அதையும் எழுதினேன். காலேஜ் வாத்தியார் ஒருவரே, "ஐயா, உங்க எழுத்துல ஒரு ஓட்டம் இருக்கு" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்தத் தடவை கடல் தாண்டவில்லை. செங்கல்பட்டும் மாமல்லபுரம் கடற்கரையும்தான், மூன்றே நாள். ஆனால் இதை எழுத உட்கார்ந்து மூன்று தடவை பேனாவை மூடிவைத்து எழுந்து போய்விட்டேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கரூரில் பஸ்ஸுக்கும் வேனுக்கும் பாடி கட்டுகிற பட்டறை என்னுடையது. வெல்டிங் பொறி பட்டுப் பொத்தலான சட்டையோடு ஆரம்பித்தவன், இன்றைக்கு எழுபது பேருக்கு வேலை கொடுக்கிறேன். அதைவிட என் சாட்சியை வைத்துத்தான் ஜனங்களுக்கு என்னைத் தெரியும். பதினாறு வருஷத்துக்கு முன்னால், நான் புதுசாகக் கட்டிய வேன் ஒன்று, திருப்போரூருக்கும் நெம்மேலிக்கும் நடுவே கால்வாய்ப் பாலத்துச் சரிவில் பின்னால் உருண்டு, தண்ணீருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. உள்ளே என் மனைவி ரோஸி, ஆறு வயசுப் பேத்தி ஷைனி, மடியில் கைக்குழந்தையாக என் பேரன்.

"சத்துருவான சாத்தான் வண்டியைத் தள்ளினான். சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை. கர்த்தர் வெள்ளை உடுப்பில் இரண்டு பேரை அனுப்பினார்!" இந்த இடம் வரும்போது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். மைக் கொடுத்தால் இருபது நிமிஷம் சொல்வேன். கொடுக்காவிட்டாலும் இருபது நிமிஷம் சொல்வேன்.

மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு சபையில் மூன்று நாள் கூட்டம் போட்டிருந்தார்கள். 'இன்றும் அற்புதங்கள் நடக்கின்றனவா?' என்பது தலைப்பு. அங்கே போதகராக இருக்கும் எபநேசர் போன் பண்ணினார். "ஐயா, உங்களுக்கு அற்புதம் நடந்த இடம் எங்க சபைக்குப் பக்கத்துலதான். நீங்க வந்து நின்னாலே தலைப்புக்குப் பதில் கெடைச்சிடும்." எனக்கு அதைவிட என்ன வேண்டும்? ஷைனியும் சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவளையும் பார்த்த மாதிரி ஆகும் என்று கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை செங்கல்பட்டு. இட்லியோடு வடகறி என்று ஒன்று கொடுத்தார்கள். உடைத்துப் போட்ட வடையைக் குழம்பில் ஊறவைத்தது. எங்கள் ஊரில் இப்படிக் கொடுத்தால் நேற்றைய வடையா என்று கேட்போம். இரண்டாவது கிண்ணமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினதும் என் கை சும்மா இருக்கவில்லை. ஜன்னல் சட்டத்தைத் தட்டிப் பார்த்தேன். ரிவெட் ஆடியது. பக்கத்தில் கீரைக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாவிடம், "இதை எங்க பட்டறைக்கு அனுப்பினா ஒரே நாள்ல சரி பண்ணிடுவேன்" என்றேன். அந்த அம்மா நகர்ந்து உட்கார்ந்தாள். திருக்கழுக்குன்றம் தாண்டி பஸ் நின்றே போனது. என்ன கோளாறு என்று நான் கண்டக்டருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பெர்சு, பஸ்ஸே கட்றவரா நீ? அப்ப மொத ஆளா எறங்கித் தள்ளு" என்றார். பஸ்ஸே சிரித்தது. எழுபத்திரண்டு வயசில் பஸ் தள்ளினேன்.

மத்தியானம் போதகர் வீட்டில் சங்கரா மீன் குழம்பு. காரம் தலைக்கு ஏறியது. ஷைனி அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். நாலு மணிக்குப் போதகர், "வெயில் தாழ்ந்துடுச்சு ஐயா. அந்த இடத்துல நின்னு நீங்க பேசறத வீடியோ எடுத்துடலாம். நாளைக்கு நீங்க மேடை ஏறுறதுக்கு முன்னாடி திரையில போட்டா ஜனங்களுக்கு அப்படியே புல்லரிக்கும்" என்றார். அவர் காரில் மூன்று பேரும் போனோம்.

சரிவு அப்படியேதான் இருந்தது. இந்தப் பக்கம் கால்வாய், அந்தப் பக்கம் நாணல். பாலத்தடியில் கிழிந்த குடைக்குக் கீழே ஒரு நுங்குக் கடை. போதகர் ஷைனியிடம் போனைக் கொடுத்து, "அந்தக் கடை தெரியாத மாதிரி எடும்மா, இடம் வெறிச்சோன்னு இருக்கணும்" என்றார். அவள் இரண்டடி தள்ளி நின்றாள்.

நான் ஜிப்பாவை இழுத்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். "பிரியமானவர்களே! இதோ இந்த இடத்தில்தான்! அன்றைக்கு இங்கே ஒரு ஈ இல்லை, ஒரு காக்கை இல்லை, உதவிக்கு ஒரு மனுஷன் இல்லை..."

"ஈ இல்ல, காக்கா இல்ல, சர்தான். நான் இருந்தனே நைனா?"

குடையடியிலிருந்து ஓர் ஆள் எழுந்து வந்தார். அறுபது வயசு இருக்கும். கைலி, மேலே வெறும் துண்டு. வலது கையை எனக்கு முன்னால் விரித்துக் காட்டினார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு இல்லை.

"தெரிலயா? வண்டி டயருக்குக் கட்டை போட்டனே. உன் வூட்டுக்காரம்மா கூட, 'ஐயோ அண்ணன் கை'ன்னு கத்திச்சே."

தெரிந்தது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. ஆனால் என் வாய், "யாருப்பா நீ? எனக்கு ஞாபகம் இல்லையே" என்றது.

அவர் அந்தக் கையை மடக்கித் துண்டுக்குள் வைத்துக்கொண்டார். "சரி வுடு" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். போதகர் என் தோளைத் தொட்டு, "குடிச்சிருப்பார் போல ஐயா. இதைக் கட் பண்ணிடலாம், வாங்க" என்றார். அந்த ஆளிடமிருந்து நுங்கு வாசனையைத் தவிர வேறு வாசனை வரவில்லை. அதையும் நான் சொல்லவில்லை.

திரும்பி வந்து கடற்கரையில் ஷைனியும் நானும் உட்கார்ந்தோம். சுண்டல் வாங்கினோம். அவள் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

"தாத்தா, அந்த மாமாதான் அது."

"எந்த மாமா?"

"நடிக்காதீங்க. நான் ஜன்னல்ல மூஞ்சிய வெச்சுப் பாத்துட்டு இருந்தேன். ஒரு மாமா கட்டையத் தூக்கிட்டு ஓடி வந்தாரு, டயருக்குக் கீழ கைய விட்டாருன்னு அன்னைக்கே சொன்னேன். அப்புறமா நீங்க என்ன சொன்னீங்க? 'அது மாமா இல்ல கண்ணு, தேவதூதன்'னீங்க. வேதபாட வகுப்புல என்ன எழுப்பி நிக்க வெச்சு, தூதனப் பாத்தேன்னு சொல்ல வெச்சீங்க. தூதனுக்கு எப்படித் தாத்தா ரத்தம் வரும்னு எனக்குத் தெரியல. ஆனா நீங்க சொன்னீங்கன்னு சொன்னேன்."

நான் என் சுண்டல் பொட்டலத்தை மடித்து ஜிப்பாப் பையில் வைத்தேன்.

"எல்லாரும் சாட்சி சொல்றாங்க. எனக்குக் கண்ணால தெரிஞ்சது இந்த ஒண்ணுதான். அதுலயே ஆள மறைச்சிட்டீங்க. அப்ப மத்ததெல்லாம்? நான் சர்ச்சுக்குப் போறதில்ல தாத்தா. ஒரு வருஷம் ஆச்சு. அம்மாகிட்ட சொல்லல."

இதைச் சொல்லிவிட்டு அவள் ஹாஸ்டலுக்குப் பஸ் ஏறப் போனாள். "நாளைக்குச் சாயங்காலம் வரேன். நீங்க என்ன சொல்றீங்கன்னு கேக்கத்தான் வரேன்" என்றாள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் புது வேனைக் கர்த்தருக்கு ஒப்படைக்கிற பிரதிஷ்டை ஜெபத்துக்கு, இந்தப் பக்கத்துச் சபை ஒன்றுக்கு ஓட்டிக்கொண்டு போனது நான். சரிவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, யாரிடமோ போனில் வண்டியின் பெருமையைப் பேசிக்கொண்டே முப்பது அடி தள்ளிப் போயிருந்தேன். சீட்டுக்காகத் தளத்தை இறக்கியபோது பிரேக் கேபிளைப் பிடித்து நிறுத்தும் கிளாம்பைக் கழற்றி மாட்டியதும் நானேதான். நட்டை விரலால் சுற்றிவிட்டேன். அப்புறம் ஸ்பேனர் போட்டு முடுக்க வேண்டும். அவசரத்தில் மறந்துவிட்டேன். அடுத்த வாரம் அடியில் படுத்துப் பார்த்தபோது கிளாம்ப் தொங்கிக்கொண்டிருந்தது; கேபிள் நழுவித்தான் பிரேக் விட்டிருக்கிறது. நானே முடுக்கினேன். ரோஸிக்குக்கூடச் சொல்லவில்லை. நான் விட்ட நட்டைச் சாத்தான் தலையில் போட்டு, பதினாறு வருஷம் மைக்கில் பேசினேன்.

கட்டை போட்டவரை முதல் தடவை நான் சொல்லத்தான் செய்தேன். அன்றைக்குச் சாயங்கால ஜெபத்திலேயே, "ஒருத்தர் கட்டை போட்டார்" என்றேன். பெரிய ஊழியக்காரர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "சாட்சியில மனுஷனைச் சொன்னா மகிமை ரெண்டா பிரிஞ்சிடும் தம்பி" என்றார். சரி என்று பட்டது. அடுத்த சபையில், "எப்படியோ நின்றது" என்றேன். அதற்கடுத்த சபையில், "யாரும் இல்லை" என்றேன். யாரும் இல்லாமல் எப்படி நின்றது என்று ஒரு கிழவி கேட்டாள். அந்த வாரம்தான் வெள்ளை உடுப்புக்காரர்கள் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். அல்லேலூயா சத்தத்தில் கூரை அதிர்ந்தது. அப்புறம் அவர்களை அனுப்பிவைக்க எனக்கு மனசு வரவில்லை.

ரோஸி மட்டும் குடும்ப ஜெபத்தில், "கட்டை போட்ட அண்ணனுக்குச் சுகம் கொடுங்க ஆண்டவரே" என்று சொல்லாமல் ஆமென் சொல்ல மாட்டாள். சாகிறவரைக்கும் சொன்னாள். நான் அந்த இடத்தில் இருமுவேன்.

சனிக்கிழமை காலை, போதகரிடம் கடலைப் பார்க்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ ஏறினேன். மூன்று பேர் உட்காருகிற இடத்தில் ஆறு பேர். என் ஒரு கால் வெளியே தொங்கியது. நெம்மேலியில் இறங்கி, நடந்து பாலத்துக்குப் போனேன்.

அவர் பெயர் கன்னியப்பன். பக்கத்து ஊர் விவசாயக் குடும்பம், நிலம் எல்லாம் பிளாட் ஆகிவிட்டது. பெண்டாட்டி அஞ்சலை அருவாளால் காயைச் சீவிக்கொண்டிருந்தாள். அவர் விரல் இல்லாத கையால் நுங்கை ஓலையில் மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, இன்னிக்கு ஞாபகம் வந்துச்சா?"

"நேத்தே வந்துச்சுங்க. பொய் சொன்னேன்."

அவர் சிரித்தார். அஞ்சலை சிரிக்கவில்லை. அருவாளைக் கட்டையில் கொத்தி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இவருதானா அது? துண்டக் கிழிச்சிக் குட்த்துட்டு, 'ஜெபத்துக்கு நேரமாச்சு'ன்னு வண்டிய எடுத்துகினு பூட்டாரே, அந்தப் பெரிய மனுசன்? இவுருக்கு உன் மேல கோவமில்ல. எனக்குக் கீது. ஒரு வருசம் கைய மடில வெச்சிகினு குந்திகினு இருந்தாரு. நான்தான் அருவா புடிச்சேன். மொத வாரமே கால்ல வெட்டிகினேன், பாரு." முழங்காலுக்குக் கீழே ஒரு நீளத் தழும்பு.

வெட்கப்பட்டால் என் வாயில் பெருமைதான் வரும். "உங்களுக்கு நான் ஒரு வண்டிக்கடை கட்டித் தரேன். ஸ்டீல் பாடி. தமிழ்நாட்டுல யாரும் அந்த மாதிரி..."

"வாணாம் சாமி" என்றாள் அஞ்சலை. "நீ கட்ன வண்டியத்தான் பாத்துகினமே."

கன்னியப்பன் ஒரு ஓலையில் நுங்கு வைத்து நீட்டினார். "சாப்டு. இவ இப்டித்தான். அது கெடக்கட்டும், உனக்கு ஒண்ணு தெரியுமா? அன்னிக்கு நான் இங்க இருக்கவேண்டிய ஆளே இல்ல."

"எப்படி?"

"மூணு மணிக்கே காய் தீந்துபூட்ச்சு. வூட்டுக்குக் கெளம்பி, பாதி தூரம் பூட்டேன். அப்பதான் பாக்கறேன், வெட்ற கட்டைய இங்கியே வுட்டுட்டு வந்துகீறேன். எங்கப்பன் காலத்துப் புளியங்கட்டை. அத்தினி வருச வேவாரத்துல ஒரு நாளு கூட அத்த மறந்தது கெடியாது. இன்னாடா புத்தின்னு என்னியே திட்டிகினு திரும்பி வந்தேன். குனிஞ்சு கட்டையத் தூக்கறேன், வண்டி பின்னால உருண்டு வருது. ஜன்னல்ல ஒரு பாப்பா மூஞ்சி. யோசிக்கல்லாம் இல்ல. கைல கட்டை இருந்துச்சு, போட்டேன்."

நான் கையில் எடுத்த நுங்கைத் திரும்ப ஓலையில் வைத்தேன்.

"இவ எங்க திருப்போரூர் முருகன் திருப்பி அனுப்புனாருன்னு சொல்றா. நீ உங்க சாமின்னு சொல்லுவ. சொல்லிக்க. ஆனா மறக்காத கட்டைய எதுக்கு மறந்தேன்னு எனக்கு இன்னிக்கு வரிக்கும் தெரியாது நைனா."

ஓலையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். அந்த மனுஷனைத் தூக்கி எறிந்தேனே, அவரோடு சேர்த்து இதையும் அல்லவா எறிந்திருக்கிறேன்! என் கர்த்தர் ஒருத்தரைப் பாதி வழியில் திருப்பி அனுப்பி, சரியான நிமிஷத்தில் கையில் கட்டையோடு குனிய வைத்திருக்கிறார். நான் அதைத் துடைத்துவிட்டு, பொய்யாக இரண்டு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டிருக்கிறேன். கட்டை போட்டவரிடம் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். எனக்கு ஜெபத்துக்கு நேரமாகிவிட்டிருந்தது.

"சாயங்காலம் எங்க கூட்டத்துக்கு வர்றீங்களா?" என்றேன்.

"சனிக்கெழம வேவாரம் ஆரு பாப்பா? நீ போய்ச் சொல்லு." ஒரு ஓலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "அந்த ஜன்னல் பாப்பா நல்லா கீதா?"

அவர் என்னைத் திட்டிவிட்டு இதைக் கேட்டிருந்தால்கூட நான் கொஞ்சம் தாங்கியிருப்பேன்.

சாயங்காலம் கூட்டத்தில் நல்ல ஜனம். வீடியோவில் நான் வெறிச்சோடிய சரிவில் நின்று பேசினேன். கன்னியப்பன் குரல் வரும் இடத்தைச் சுத்தமாக வெட்டியிருந்தார்கள். தெரியாதவனாக இருந்தால் நானே நம்பியிருப்பேன். கடைசி வரிசையில் ஷைனி, பையை மடியில் வைத்துக்கொண்டு, எழுந்து போகிறவள் மாதிரி ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

மைக் என் கைக்கு வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் ஏறினேன். ஆனால் பதினாறு வருஷம் பழகின வாய். "பிரியமானவர்களே, சத்துரு வண்டியைத் தள்ளினான்!" என்று தானாக ஆரம்பித்துவிட்டது. முன்வரிசை, "ஸ்தோத்திரம்!" என்றது. ஷைனி எழுந்தாள்.

"சத்துரு தள்ளலை" என்றேன். "ஷைனி, உட்காரும்மா. சத்துரு தள்ளலை. நான் நட்டு முடுக்கலை."

கூட்டத்துக்குப் புரியவில்லை. நான் பட்டறைப் பாஷையில் சொன்னேன். கிளாம்ப், கேபிள், ஸ்பேனர், எல்லாம். அப்புறம் கன்னியப்பனைச் சொன்னேன், விரலைச் சொன்னேன், மறந்த கட்டையைச் சொன்னேன். நேற்று அவரைத் தெரியாது என்று சொன்னதையும் சொன்னேன். வெள்ளை உடுப்புக்காரர்கள் வரவே இல்லை, குழந்தை உண்மையைச் சொன்னபோது அவள் வாயில் நான்தான் தூதனைத் திணித்தேன் என்றேன். என் சாட்சி முதல் தடவையாக எட்டு நிமிஷத்தில் முடிந்தது. யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. போதகர் எழுந்து, கீழே பார்த்துக்கொண்டே, "பாட்டு எண்..." என்று ஆரம்பித்து எண்ணைச் சொல்லாமல் நின்றார். "அவர் குடிச்சிருந்தார்னு சொன்னது நான்தான்" என்று மைக் இல்லாமலே சொன்னார். முன்வரிசைக்கு மட்டும் கேட்டது.

வாசலில் ஒரு வயசான அம்மா என் கையைப் பிடித்தாள். "அப்ப தூதன் வரலியா ஐயா? அற்புதம் நடக்கலியா?"

"நடந்துச்சும்மா. கட்டைய மறந்து திரும்பி வந்தாரே, அதான். அது அவர் ரெண்டு விரலைக் கேட்டுடுச்சு. நான் அதைச் சொல்லாம விட்டுட்டேன்."

அந்த அம்மா திருப்தியில்லாமல் போனாள்.

ஷைனி என்னிடம் நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. "நாளைக்குக் காலையில அங்க போலாமா தாத்தா?" என்று மட்டும் கேட்டாள். சர்ச்சுக்கு வருகிறாயா என்று கேட்க எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தேன். அவள் சிறுசேரியிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து, என்னையும் ஏற்றிக்கொண்டாள். பாலத்துக்குப் போனதும் டிரைவர் சரிவிலேயே நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, நுங்கு சாப்பிட இறங்கினார்.

கன்னியப்பன் அவளைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். "ஜன்னல் பாப்பாதான நீ? இம்மாம் பெருசா வளந்துட்டியா!"

"ஆமா மாமா" என்றாள். "கையக் காட்டுங்க."

அவர் வெட்கப்பட்டார். அவள் விடவில்லை. அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். எவ்வளவு நேரமோ. அஞ்சலை முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு காயைச் சீவ ஆரம்பித்தாள், நல்ல இளசாகப் பார்த்து. நான் அவர்கள் பக்கத்தில் போய் நிற்கவில்லை. அந்தக் கையைத் தொடுவதற்கு எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

என் கால் ஆட்டோ பக்கம் போனது. ரோட்டோரம் கிடந்த கருங்கல் ஒன்றைக் குனிந்து எடுத்து, பின்சக்கரத்துக்குக் கீழே வைத்து, உள்ளங்காலால் ஒரு தட்டுத் தட்டினேன். என்னை அறியாமல் செய்தேன். நிமிர்ந்தபோது எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா நைனா," என்றார் கன்னியப்பன், "இப்பத்தான் கட்டை வெக்கக் கத்துகினியா?"

அஞ்சலைகூடச் சிரித்துவிட்டாள். ஷைனியும் சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். எனக்கு வரவில்லை.